சென்னையை விட்டுத் தென்காசிப் பக்கம் குடிபோகலாமா? ரிட்டயர் ஆனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் வீட்டுக்காரரும் 2021 ஆகஸ்டில் வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சிக்கு வந்தோம். அன்றிலிருந்து சென்னையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் பக்கத்து இலைக்காரர், "நாங்களும் அந்தப் பக்கம் வந்துடலாமான்னு பார்க்கிறோம், எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் திருவல்லிக்கேணியில் பிறந்தவள், தொலைபேசித் துறையில் இருந்து 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவள். அவருக்குச் சொந்த ஊர் சுரண்டை. ஆனால் பதினெட்டு வயதில் கிளம்பி வந்தவர், ஆகையால் அவரும் இங்கே பாதி அசலூர்க்காரர்தான்.

சென்னையை விட்டு ஏன் கிளம்பினீர்கள்?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, சேர்ந்து சேர்ந்து வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், மூன்று நாள் மொட்டை மாடியில்தான் சமையல். அடுத்த வருடம் வர்தா புயலில் தெருவில் ஒரு மரம் மிச்சமில்லை. 2019-ல் தலைகீழாக, ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் லாரி வரும் நேரத்தைப் பொறுத்துத்தான் குளியல், துவையல் எல்லாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை இதையெல்லாம் சகித்துக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது. ரிட்டயர் ஆனதும் அந்த நியாயம் போய்விட்டது, அவ்வளவுதான். கடலைப் பிரிந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அறுபது வருடம் பெசன்ட் நகர், மெரினா காற்றில் பழகியவளுக்கு இங்கே மேற்கே திரும்பினால் மலை நிற்கிறது. அழகுதான், ஆனால் கண் போய் முட்டிக்கொள்கிறது.

ஏன் தென்காசி? கோயம்புத்தூர், கும்பகோணம் எல்லாம் பார்க்கவில்லையா?

பார்த்தோம். கோயம்புத்தூரில் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. சாப்பாடு, நர்ஸ், அவசர மணி எல்லாம் ஏற்பாடாக இருக்கும். எழுபத்தைந்து தாண்டியவர்கள், முடியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைத் தாராளமாக யோசிக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்த்தோம், சுத்தம் பளிச்சென்று இருந்தது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாத் தலையும் நரைத்த தலை. ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லாத இடத்தில் என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. கும்பகோணம் எனக்குப் பிடித்தது. அவர் "சொந்த ஊர்ப் பக்கம் போகலாம்" என்றார், சரி என்றேன்.

தென்காசிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. 2019 நவம்பரில் திருநெல்வேலியில் இருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். அதனால் கலெக்டர் ஆபீஸ் இப்போது ஊரிலேயே. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியும் இங்கேதான். ஊர் சின்னது, ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை.

தினமும் குற்றாலத்தில் குளியலா?

நல்ல கேள்வி! ஆரம்பத்தில் ஒரே மாதத்தில் பதினோரு முறை குளித்தோம். போன வருடம் முழுக்க மூன்றே முறை, அதுவும் விருந்தாளிகளைக் கூட்டிப்போனதால்.

நீங்கள் குற்றாலம் பார்த்தது ஆனி, ஆடியில், சாரல் அடிக்கும்போது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று ஊளையிட்டுக்கொண்டு வரும், வெயில் அடிக்கும்போதே முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி தூறும், சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "இங்கேயே இருந்துவிடலாம்" என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. வருடத்தில் பாக்கி ஒன்பது மாதம் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. சித்திரை, வைகாசியில் இங்கேயும் வெயில் கொளுத்தும், அருவி பாறையாக நிற்கும். நல்ல கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், சென்னையைப் போலவே வடகிழக்குப் பருவமழை. சீசனிலோ சனி, ஞாயிறு என்றால் இலஞ்சியில் இருந்து குற்றாலத்துக்குப் பால் வாங்கப் போனவர்கூட வண்டியில் ஒரு மணி நேரம் சிக்கிக்கொள்வார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். வருடத்துக்கு ஐந்து மாதம் நம் ஊர் அடுத்தவர்களுடைய சுற்றுலாத்தலம், அதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஊர் பார்க்க வருவதாக இருந்தால் ஜூலையில் வராதீர்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம், நவம்பரில் ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களுக்காக: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கீழே மழையே இருக்காது, மேலே மலையில் பெய்திருக்கும். போலீஸ் விசில் அடித்தால் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நிற்காதீர்கள்.

காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

புகை, தூசி இல்லாததால் என் வறட்டு இருமல் முதல் வருடமே போய்விட்டது. ஆனால் சாரல் மாதங்களில் ஈரம் அதிகம். துணி காயாது, சுவரில் பூஞ்சை பூக்கும், உப்பு கசிந்து ஜாடியில் ஒட்டிக்கொள்ளும். மூட்டுவலிக்காரர்களுக்கும் இழுப்பு இருப்பவர்களுக்கும் ஆடிக்காற்று ஆகாது. வீட்டுக்காரரின் முழங்கால் ஆனி பிறந்ததை காலண்டருக்கு முன்பே சொல்லிவிடும். வீடு பார்க்கும்போது மேற்குப் பக்க ஜன்னல்களைக் கவனியுங்கள். காற்று மாதங்களில் அவற்றைத் திறந்தால் மேஜையில் ஒரு காகிதம் நிற்காது. "மலையைப் பார்த்த பெரிய ஜன்னல்" என்று புரோக்கர் சொல்வது மூன்று மாதம் பூட்டியே இருக்கும்.

வந்தவுடன் வீடு வாங்கிவிடலாமா?

கூடாது. குறைந்தது ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அப்படிச் செய்தும் தப்பு பண்ணினோம்.

முதலில் எடுத்தது இலஞ்சிக்கு வெளியே, மெயின் ரோட்டில் இருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, வயலை ஒட்டிய வீடு. காலையில் கதவைத் திறந்தால் நாற்று, கொக்கு, அதற்குப் பின்னால் மலை. வந்தவர்கள் எல்லாம் ஃபோட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அவரிடம் பைக் இருந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது. அது ஒரு குறையாகவே படவில்லை.

2022 அக்டோபரில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் வீட்டில் மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதத்தில்தான் அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்தது. ஒரு மாத்திரை தீர்ந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் ஆட்டோக்காரர் அந்த வரப்பு ரோட்டுக்கு வர யோசிப்பார். மழை பெய்தால் கரண்ட் போகும், சுற்றிலும் தவளைச் சத்தம், நானும் படுத்த படுக்கையில் அவரும். ஒரு நாள் ராத்திரி அவருக்குக் காய்ச்சல், நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வீடு என்பது முந்நூறு அடி தள்ளி. அந்த அண்ணாச்சி தன் வண்டியில் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, "மதினி, நீங்க ஊருக்குள்ள வந்துருங்க, இது உங்களுக்குத் தோதுப்படாது" என்றார். சொன்னது சரிதான்.

அன்றிலிருந்து என்னிடம் வீடு பற்றி யார் கேட்டாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். உங்கள் இருவரில் ஒருவர் படுத்துவிட்டால், அல்லது இல்லாமலே போய்விட்டால், மற்றவர் அந்த வீட்டில் தனியாக இருந்துவிட முடியுமா? மருந்துக் கடை, மளிகை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கிறதா? நாங்கள் 2023-ல் மேலகரத்தில் ஒரு தெரு வீட்டை வாங்கினோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் சட்டை காய்வதுதான் தெரியும், மலை தெரிய மாடிக்குப் போக வேண்டும். ஆனால் மருந்துக் கடை நான்காவது வீடு.

சென்னை வீட்டை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இரண்டு, மூன்று வருடம் வாடகைக்கு விட்டு வையுங்கள். இங்கே ஒத்துவரவில்லை என்றால் திரும்ப ஒரு இடம் வேண்டும், விற்றுவிட்டால் அதே விலைக்குத் திரும்ப வாங்கவே முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் வாடகைதாரரின் கார் கீழ்த்தளத்தில் மூழ்கியது. அவர் வீடியோ அனுப்பினார், இங்கே உட்கார்ந்து பார்த்தோம். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாவம், ஆனால் ஒரு பெருமூச்சு வந்தது. அதே மாதம் தாமிரபரணியில் வெள்ளம் வந்து திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டும் மிதந்தன, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆக மழைக்குத் தப்பி ஓடுகிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

விற்பதுதான் முடிவு என்றால் வரியை முதலில் கணக்குப் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சென்னையில் ஒரு கோடி லாபம் வந்து, தென்காசியில் 45 லட்சத்துக்கு வீடு வாங்கினால், விலக்கு 45 லட்சத்துக்குத்தான், மிச்சத்துக்கு வரி கட்டியாக வேண்டும். மிச்சத்தில் 50 லட்சம் வரை, விற்ற ஆறு மாதத்துக்குள், இதற்கென்று உள்ள அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. ஒரு ஆடிட்டருக்குச் சில ஆயிரம் கொடுத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இங்கே இடம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், தனிப்பட்டா. இது எல்லா ஊருக்கும் பொது. இந்தப் பக்கத்துக்கென்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பங்காளிகள். இங்கிருந்து பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். வீட்டை விற்கிறவர் ஒருவராக இருப்பார், தாராவியில் ஒரு தம்பி, துபாயில் ஒரு தங்கை மகன் என்று பங்கு இருக்கும். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயரோ அத்தனை கையெழுத்தும் வேண்டும். "தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று ஒரு புரோக்கர் எங்களிடமும் சொன்னார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு தம்பி நிறையச் சொன்னார். அந்த அட்வான்ஸ் திரும்ப வர ஏழு மாதம்.

இரண்டு, நஞ்சையில் போட்ட மனை. வயலை மண் அடித்து உயர்த்தி, கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்பார்கள். நகர ஊரமைப்பு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத மனை பதிவுக்கே போகாது. அனுமதி இருந்தாலும் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, மேலே எந்தக் குளம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். இங்கே குளங்கள் ஒன்றுக்கொன்று சங்கிலியாக இருக்கும், தண்ணீர் தன் பாதையை மறப்பதில்லை.

மூன்று, மலையடிவாரம். சில கிராமங்களில் கட்டடம் கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் தனியாக உண்டு. அந்தச் சர்வே எண் அதில் வருகிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இதைப் பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிட்டு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

செலவு நிஜமாகவே குறையுமா?

வாடகை பாதிக்கும் கீழே. வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வருகிற வாடகை 24 ஆயிரம், இலஞ்சியில் நாங்கள் கொடுத்தது 8 ஆயிரம். காய்கறி பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மலிவு. லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கிடையாது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எனக்குப் போக்குவரத்தே இலவசம்.

கூடுகிற செலவு இரண்டு. விருந்தாளிகள், மொய். சென்னையில் நம் வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு பேர் வருவார்கள், சீசனில் இங்கே வாரத்துக்கு இரண்டு குடும்பம் வரும். எல்லோருக்கும் படுக்கை, காபி, பிரானூர் பார்டர் பரோட்டா, பெப்பர் சிக்கன். மொய்யைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சடங்கு, பால்காய்ப்பு, கோயில் கொடை எதற்கும் போகாமல் இருக்க முடியாது.

வட்டி வருமானத்தில் வாழ்பவர்கள் தபால் ஆபீஸின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம். முழுத்தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். சென்னையில் தொடங்கிய கணக்கை இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி?

இதில் பூசி மெழுகப் போவதில்லை. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், எலும்பு முறிவுக்கு முதல் சிகிச்சை என்றால் தென்காசியே போதும். பெரிய விஷயம் என்றால் திருநெல்வேலி, சுமார் 55 கிலோமீட்டர், ரோடு நன்றாக இருக்கும் நாளில் ஒன்றரை மணி நேரம். அங்கே பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது (ஹைகிரவுண்டு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்), கண்ணுக்கு அரவிந்த் இருக்கிறது. புற்றுநோய், மூளை, நரம்பு சம்பந்தப்பட்டதற்கு இங்கிருந்து நிறையப் பேர் மலை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள், மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனமும் அங்கே.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறவர், இவர்களுக்கு நான் தென்காசியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். திருநெல்வேலி டவுனுக்கோ பாளையங்கோட்டைக்கோ போங்கள். அதுவும் சென்னையோடு ஒப்பிட்டால் அமைதியான ஊர்தான், அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண்மணிக்கு என் பிரஷர் என்னைவிட நன்றாகத் தெரியும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், பணம் கட்டாமல் சேருகிற ஆஸ்பத்திரிகள் பட்டியலில் திருநெல்வேலியில் எவை இருக்கின்றன என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. இடுப்பு ஆபரேஷனுக்கு முழுப் பணத்தையும் கையில் இருந்து கட்டிவிட்டு நான்கு மாதம் அலைந்தோம்.

பென்ஷன், ரேஷன், ஓட்டு எல்லாம் மாற்ற வேண்டுமா?

பென்ஷன் சுலபம். வங்கிக் கணக்கை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பி.எஃப். பென்ஷனும் 2025 ஜனவரியில் இருந்து நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழை ஃபோனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம், அது கைகூடாதவர்களுக்குத் தபால்காரர் 70 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து செய்து தருகிறார். முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் அதைக் காட்டித் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டுக்குப் படிவம் 8.

சென்னைக்கு அடிக்கடி வர முடிகிறதா?

பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர். கொல்லம் ரயிலும் தினமும் தென்காசி வழியாகப் போகிறது. ஆனால் 2024 நவம்பரில் இருந்து 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, பொதிகையில் விழாக்கால டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, நின்றதுதான். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு மட்டும் உண்டு. முதல் வருடம் ஆறு முறை போனோம், இப்போது இரண்டு முறை. தூரம் கூடவில்லை, தேவை குறைந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் முதலில் விசாரிப்பார்கள். சென்னையில் பக்கத்து ஃபிளாட்காரர் பெயர் பத்து வருடம் எனக்குத் தெரியாது. இங்கே இரண்டாவது நாளே "எத்தனை பிள்ளைய? மருமகன் என்ன செய்யுதாரு? பென்ஷன் எவ்வளவு வருது?" எல்லாம் வாசலில் நின்றே கேட்டுவிட்டார்கள். "நீங்க எந்த ஆளுக?" என்ற கேள்வியும் வரும் (சாதியைத்தான் கேட்கிறார்கள்), வீடு வாடகைக்குக் கேட்கும்போது கட்டாயம் வரும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டு வாருங்கள். நான் சொல்ல மறுத்த இரண்டு வீடு கிடைக்கவில்லை, மூன்றாவது வீட்டு ஆச்சி கேட்கவே இல்லை. இது இல்லாத மாதிரி எழுதினால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

இன்னொரு பக்கம், அவர் படுத்திருந்த மூன்று மாதமும் யாராவது ஒருவர் உளுந்தங்கஞ்சியோ கூட்டாஞ்சோறோ தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக்கூடாது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு பாட்டி முகம் சுளித்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பொழுது போகுமா?

ஆண்களுக்குத்தான் கஷ்டம். பெண்களுக்கு எங்கே போனாலும் அடுப்பு இருக்கிறது, கோயில் இருக்கிறது, தெரு இருக்கிறது. இவர் முதல் ஆறு மாதம் பேப்பரை மூன்று முறை படித்தார். அப்புறம் தென்காசி நூலகம், இலஞ்சி குமாரர் கோயில், சாயங்காலம் ஒரு டீக்கடை என்று ஒரு தடம் விழுந்தது. வியாழக்கிழமைகளில் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போவார். கோபுர வாசலில் நின்றால் வேட்டியைப் பறிக்கிற மாதிரி காற்று வரும், அதற்காகவே போகிறார் என்று நினைக்கிறேன்.

நான் அறுபத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தென்காசியில் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று, "பைய போங்க ஆச்சி, ரோடு எங்கயும் ஓடிராது" என்பாள். வயல் வீட்டில் இருந்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும்.

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில்தான் கழித்தார், ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடிப் போய்க் கவிதை பேசினார்கள் என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எங்களைத் தேடி வருகிறவர்கள் பரோட்டாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பாம்பு, காட்டு மிருகம்?

வயல் வீட்டில் பாம்பு சர்வசாதாரணம், தெரு வீட்டில் இதுவரை இல்லை. வடகரை, மேக்கரைப் பக்கம் தோப்புக்குள் யானை வரும். கடையம் பக்கம் 2022-ல் ஒரு கரடி மூன்று பேரைக் குதறியது. மலையை ஒட்டிப் பண்ணை வீடு கட்டுகிற ஆசை இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?

மகள் தாம்பரத்தில் இருக்கிறாள், ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் போய்விட்டது என்ற கோபம், அது நியாயமான கோபம். பேரப்பிள்ளை ஐந்து வயதுக்குள் இருந்தால் கிளம்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். இப்போது பேத்தி மே மாத லீவு முழுக்க இங்கேதான், சென்னைக்கு ஏற்றிவிடும்போது ஸ்டேஷனில் அழுகிறாள்.

உங்களில் ஒருவர் போய்விட்டால்?

இதை யாரும் பந்தியில் கேட்பதில்லை, தனியாக ஃபோன் செய்து கேட்கிறார்கள். நாங்கள் பேசிவிட்டோம். நான் மட்டும் இருந்தால் மேலகரத்திலேயே இருப்பேன். ஸ்கூட்டர் இருக்கிறது, மருந்துக் கடை இருக்கிறது, எதிர்வீட்டுக் கொடியில் சட்டை காய்கிறது. அவர் மட்டும் இருந்தால் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன், தனக்கு வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாது என்றார். இது என்ன பெரிய காரணம் என்று போன மாதத்தில் இருந்து ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். புளி அளவு வந்துவிட்டது, உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.